தவிட்டுக்கு வாங்காத பிள்ளை

இந்த ஊரில் குப்பைமேடு கிடையாது. இங்கிலாந்துக்கு வந்து இறங்கியதும் நம் ஆட்கள் கறிவேப்பிலை கிடைக்குமா, நல்ல அரிசி கிடைக்குமா, தமிழ் பேச யாராவது உண்டா என்று தேடுவார்கள். நான் தேடியது குப்பைமேட்டை. வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை, மேலே கணவரின் பழைய கோட்டு, அதற்குள் திணித்த சேலை, காலில் கம்பளிக் காலுறை. இந்தக் கோலத்தில் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஓடும் கல் பாவிய சந்துகளில் மேலும் கீழும் நடந்து பார்த்தேன். ஒவ்வொரு வீட்டின் பின்வாசலிலும் மூடி போட்ட தகர டப்பா ஒன்று நின்றது. டஸ்ட்பின் என்று பெயர். செவ்வாய்க்கிழமைதோறும் ஆட்கள் வந்து அதைத் தோளில் தூக்கி லாரியில் கவிழ்த்துக்கொண்டு போவார்கள். சிவகாசியில் எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் ஒரு பிடி உப்பைக்கூட வெளியே கொடுக்க மாட்டார்கள். இங்கே வீட்டுக் குப்பை அத்தனையையும் செவ்வாய்க்கிழமை அள்ளிக் கொடுத்துவிட்டு உள்ளே போய் டீ குடிக்கிறார்கள்.

எனக்குக் குப்பைமேடு எதற்கு என்பது ஊரில் இருந்து இதைப் படிக்கும் பெண்களுக்குப் பாதி புரிந்திருக்கும். உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம் என்ற கேலியைக் கேட்காமல் நம்மில் யார் வளர்ந்திருக்கிறோம்? சோறு வேண்டாம் என்றால் ஒரு தடவை, அக்காவோடு சண்டை போட்டால் ஒரு தடவை சொல்வார்கள். ஆனால் பிள்ளை தங்காத வீட்டில் அது கேலி இல்லை. முந்திய பிள்ளைகள் போய்விட்ட வீட்டில் அடுத்து ஒன்று பிறந்தால், அதைச் சுளகில் வைத்துக் குப்பைமேட்டில் போட்டுவிட வேண்டும். பெற்றவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. முன்னாலேயே பேசி வைத்த வேறொருத்தி வந்து, யார் பெற்ற பிள்ளையோ இங்கே கிடக்கிறதே என்று எடுத்துக்கொண்டு போவாள். அப்புறம் பெற்றவள் அவள் வாசலில் போய் நின்று, தவிட்டைக் கொடுத்து, அந்தப் பிள்ளையை விலைக்கு வாங்கி வர வேண்டும். குப்பம்மாள், குப்புசாமி, தவிட்டம்மாள் என்று பெயர் வைப்பார்கள். தேடி வருகிற எமன், இது குப்பையில் கிடந்தது, இதைக் கொண்டுபோய் என்ன செய்ய என்று விட்டுவிடுவான். அவனுக்கு வேண்டியது ஆசை ஆசையாக வளர்க்கிற பிள்ளைதானாம். என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மூன்று மாத வயிற்றோடு நான் கப்பலேறப் புறப்பட்டபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது ஒன்றைத்தான். "எந்தச் சீமையா இருந்தா என்ன, குப்பையில போட்டு எடுத்திரு. எம் புள்ளைன்னு மட்டும் வாயால சொல்லிராத."

எனக்கு முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் உயிரில்லாமல் பிறந்தது. பெண் என்று மட்டும் சொன்னார்கள், காட்டவில்லை. இரண்டாவது ஆண். எங்கள் வீட்டுப் பின்கட்டிலேயே அச்சாபீஸ். தீப்பெட்டிக்கும் பட்டாசுக் கட்டுக்கும் ஒட்டுகிற லேபிள்கள் அங்கே அச்சாகும். தீபாவளிக்கு முந்திய சீசன் வந்துவிட்டால் வீட்டு ஆண்கள் யாரும் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள், சோற்றிலும் மைவாடை அடிக்கும். அப்படி ஒரு சீசனில், மூன்று மாதக் குழந்தையாக, ஒரு காலையில் தொட்டிலிலேயே அவன் போய்விட்டான். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. வந்து பார்த்த டாக்டருக்கும் காரணம் தெரியவில்லை. சில குழந்தைகள் இப்படிப் போய்விடும் என்றார்.

அதற்குப் பிறகு நடந்தவை வேறு யாருக்கோ நடந்த மாதிரிதான் நினைவில் இருக்கின்றன. ஆண்கள் அவனைத் துண்டில் பொதிந்து எடுத்துக்கொண்டு போனார்கள். பச்சைப் பிள்ளையை எரிப்பதில்லை, புதைப்பார்கள். பெண்கள் கூடப் போகும் வழக்கம் இல்லை. எங்கே கொண்டு போனீர்கள் என்று கேட்டேன். அதையெல்லாம் கேட்கக் கூடாது என்றார்கள். பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினார்கள். சூடேறி, வாடி, பால்வாடையும் பூவாடையும் கலந்து அடித்த அந்த வாரத்திலிருந்து எனக்கு மல்லிகை ஆகாது. ஊரை விட்டு வந்தவர்கள் மல்லிகைக்கு ஏங்குவதாக எழுதுகிறார்கள். நானோ மல்லிகை இல்லாத நாட்டுக்கு வந்தோம் என்று நிம்மதிப்பட்டவள். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் சண்முகம், என் மாமனாரின் பெயர். மறு வருஷம் கொழுந்தனாருக்கு ஆண் பிள்ளை பிறந்ததும் அந்தப் பெயரை அதற்கு வைத்தார்கள். தாத்தா பெயரை விட்டுவிட முடியாது, நியாயம்தான். ஆனால் வாசலில் யாராவது சண்முகம் என்று கூப்பிட்டால் வேறொரு பிள்ளை தவழ்ந்து வந்தது. நான் அடுப்படியில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிற்பேன்.

நாலைந்து வருஷம் அப்படியே ஓடியது. துக்கம் ஆறிவிடும் என்றார்கள். எனக்கு ஆறவும் இல்லை, அழுகையும் வரவில்லை. பயம் மட்டும் வந்தது. எந்த வீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாலும் அதன் மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பேன். மூச்சு விரலில் படும்வரை என் மூச்சு வராது. இதைத் தெருப்பெண்கள் கவனித்துவிட்டார்கள். என்னைக் கண்டால் பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டார்கள். இரண்டு பிள்ளையை விட்டவளின் விரல் தங்கள் பிள்ளைமேல் படுவதற்கு அவர்கள் பயந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானே என் விரலைக் கண்டு பயந்தேன். என் கணவருக்கு இங்கிலாந்தின் வடக்கே ஓர் அச்சகத்தில் மெஷின் ஓட்டும் வேலை கிடைத்தபோது, சொந்த அச்சாபீஸை விட்டுவிட்டுக் கூலிக்குப் போகிறானே என்று வீட்டில் எல்லோரும் சண்டை போட்டார்கள். அவர் எதற்காகப் போனார் என்று யாருக்கும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை.

இங்கே தவிடு கிடைத்ததே ஒரு பெரிய கதை. அரிசி இந்த ஊரில் பல் தேய்த்த மாதிரி வெளுப்பாகப் பொட்டலத்தில் வரும், தவிடு என்று ஒன்று உண்டு என்பதே கடைக்காரருக்குத் தெரியாது. கடைசியில் முயல், கிளி, நாய்க்கெல்லாம் தீனி விற்கிற கடையில் கோதுமைத் தவிடு இருந்தது. வாங்கப் போன என் கணவரிடம், எத்தனை முயல் வைத்திருக்கிறீர்கள் என்று கடைக்காரர் சும்மா கேட்டிருக்கிறார். இவர் உள்ளதைச் சொல்கிற மனிதர். முயல் இல்லை, பிறக்கப் போகிற குழந்தைக்கு என்று சொல்லிவிட்டார். கடைக்காரர் பொட்டலத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு, குழந்தைக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று நெடுநேரம் புத்தி சொல்லி அனுப்பினாராம். அடுத்த வாரம் இவர் வேறு கடைக்குப் போய், ஆறு முயல் வளர்ப்பதாகச் சொல்லி வாங்கி வந்தார்.

பிள்ளையை எடுக்க ஆள் வேண்டுமே. பக்கத்து வீட்டில் மிஸஸ் டாசன் இருந்தார். மில்லில் வேலை பார்த்த கணவர் இறந்து, மகன்கள் வெளியூர் போய், தனியாக இருந்த அம்மாள். மழையில் என் துணி நனைந்தால் தன் துணியோடு சேர்த்து எடுத்து மடித்து வைப்பார். அவரிடம் நான் கற்றிருந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தை டஸ்ட்பின் மேலே, நீங்கள் எடுங்கள், எனக்கு விற்றுவிடுங்கள், நான் தவிடு கொடுப்பேன். "ஐ, லவ்" என்றார். இந்தப் பக்கத்தில் ஆமாம் கண்ணு என்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள். மழை வரும் என்றாலும், முட்டை விலை ஏறிவிட்டது என்றாலும், அவர் சொல்லுவது அதுதான் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. நம் ஊரில் ஒரு பெண்ணிடம் இதைச் சொல்லி அவள் தலையாட்டினால் ஒப்பந்தம் முடிந்த மாதிரி. நானும் முடிந்தது என்று வந்துவிட்டேன்.

பெண் பிறந்தாள். இவர் வசந்தா என்று பதிந்து வந்தார். நான் குப்பை என்றேன். ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் தங்கள் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருக்க, நான் அவள் முகத்தைப் பார்க்காமல் பால் கொடுத்தேன். நர்ஸ்கள் ஏதோ எழுதிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்த மறுநாள், இவர் வேலைக்குப் போன பிறகு, அவளை இரண்டு கம்பளியில் சுற்றி, துணிக்கூடையில் வைத்து, மிஸஸ் டாசன் வீட்டுப் பின்வாசலில் இருந்த டஸ்ட்பின்னின் மூடிமேல் வைத்தேன். கதவைத் தட்டிவிட்டு என் வீட்டுப் பக்கம் திரும்பி, சுவரைப் பார்த்து நின்றேன். கதவு திறந்தது. மிஸஸ் டாசனின் செருப்புச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கதவு மூடியது, தாழ்ப்பாள் விழுந்தது. எல்லாம் முறைப்படி நடக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். உள்ளே போய்த் தவிட்டுக் கிண்ணத்தை எடுத்து வந்து அவர் கதவைத் தட்டினேன்.

கதவு திறக்கவில்லை. மறுபடி தட்டினேன். வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள் கண்ணு, குழந்தை பத்திரமாக இருக்கிறது என்று உள்ளேயிருந்தே சொன்னார். தவிடு கொண்டு வந்திருக்கிறேன் என்றேன். உள்ளே அவள் அழுதாள். எனக்குப் பால் கட்டிக்கொண்டு வலித்தது. தூறல் போட்டுத் தவிடு நனைந்து களியானது. அந்தக் கதவுக்கு முன்னால் நின்றபோது எனக்கு வந்த பயத்தை இன்றும் எழுதத் தெரியவில்லை. எமனை ஏமாற்றப் போட்ட நாடகத்தில் நான் பிள்ளையை நிஜமாகவே கொடுத்துவிட்டேன். கேட்க ஒரு மாமியார் இல்லை, சாட்சிக்கு ஒரு தெரு இல்லை. நான் கதவை உதைத்தேன், தமிழில் கத்தினேன். அந்தச் சத்தம் மிஸஸ் டாசனுக்கு இன்னும் பயத்தைக் கொடுத்திருக்கும். அவர் முன்வாசல் வழியாக யாரையோ அனுப்பியிருக்க வேண்டும். சைக்கிளில் ஒரு நர்ஸ் வந்தார், பின்னாலேயே காரில் ஒரு டாக்டர் வந்தார். பெற்ற குழந்தையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, கிண்ணத்தில் முயல் தீனியோடு கதவை உதைக்கிற பெண்ணை அவர்கள் என்னவென்று நினைப்பார்கள்? நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

எங்கள் இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அவளை ஒரு கட்டிடத்தில், என்னை ஒரு கட்டிடத்தில் வைத்தார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம், விரலை மூக்கடியில் வைக்க முடியாது. இவர் வேலையை விட்டு ஓடி வந்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாவற்றையும் செலவழித்து எங்கள் வழக்கத்தை விளக்கினார். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதற்கு முன் இரண்டு குழந்தைகள் இறந்திருக்கின்றன என்பதை மட்டும் குறித்துக்கொண்டார்கள். சில நாள் கழித்து அவளைத் தந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நர்ஸ் அடிக்கடி வந்து பார்ப்பார், நான் வாரம் ஒருமுறை மனசு டாக்டரிடம் போக வேண்டும் என்ற கட்டளையோடு. போகாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாததுதான் என்னைக் கொன்றது.

டாக்டர் ஒரு பெண். நரைத்த தலை, முழங்காலில் போர்வை, எப்போதும் ஆறிப்போன டீ. டாக்டரம்மா என்றே நான் சொல்வேன். சின்ன அறை, கரியடுப்பு, எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். முதல் வாரம் இவரும் கூட வந்து மொழிபெயர்த்தார். பையன் இறந்த அன்று காலை என்ன நடந்தது என்று டாக்டரம்மா கேட்டார். நான் சொன்னேன், இவர் சுருக்கிச் சொன்னார். மறு வாரமும் அதே கேள்வி. அதற்கு மறு வாரமும் அதே. சிவகாசிப் பக்கத்தில் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறவர் ஒருவர்தான். பட்டாசுக் கம்பெனியில் விபத்து நடந்தால் விசாரிக்க வருகிற போலீஸ்காரர். வார்த்தை மாறுகிறதா என்று பார்க்கத்தான் அவர் அப்படிக் கேட்பார். என் மகனை நானே ஏதோ செய்துவிட்டேன் என்று இவர்கள் சந்தேகப்படுகிறார்கள், வார்த்தை மாறினால் இவளையும் எடுத்துக்கொள்வார்கள் என்று முடிவு செய்தேன். அதனால் ஒவ்வொரு வாரமும் ஒரே வாசகத்தை, ஒரு சொல் பிசகாமல், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தேன்.

ஒருநாள் டாக்டரம்மா இவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். எதற்காக இவ்வளவு பயம் என்று என்னிடம் நேராகக் கேட்டார். என் இங்கிலீஷ் போதாது. இருந்தும் சொன்னேன், நீங்கள் போலீஸா என்று. அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, இல்லை, குழந்தை உன்னிடம்தான் இருக்கும், அவள் உன் மகள்தானே என்றார். நான் அவர் வாயைக் கையால் மூடப் போனேன். அப்படிச் சொல்லாதீர்கள், கேட்டுவிடும் என்றேன். யாருக்குக் கேட்கும் என்றார். மேலே காட்டினேன், கீழே காட்டினேன், எனக்குத் தெரியவில்லை என்றேன். அதற்கு அவர் சொன்னதை நான் மறக்க மாட்டேன். "அப்படியானால் அவளைப் பற்றிப் பேச வேண்டாம். போனவனைப் பற்றிப் பேசலாம். அவனுக்கு இனி என்ன ஆகிவிடப் போகிறது?" உன் மொழியிலேயே பேசு என்றும் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு சொல்கூடப் புரியாதவரிடம் என்ன பேசுவது? ஆனால் பேச ஆரம்பித்ததும் தெரிந்தது, புரியாதவரிடம்தான் என்னால் பேச முடியும் என்று. அன்று காலை அவனுக்குப் பால் கொடுத்தேன். தொட்டிலில் போட்டேன். சீசன் நேரம், ஆட்களுக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டும். அடுப்படிக்குப் போனேன். தொட்டில் ஆடுவது நின்ற பிறகும் அவன் அழவில்லை, நல்ல தூக்கம் என்று சந்தோஷப்பட்டேன். கஞ்சியை இறக்கிவிட்டு வந்து பார்த்தேன். நெற்றி குளிர்ந்திருந்தது, கழுத்து மட்டும் சூடாக இருந்தது. அந்தச் சூட்டில் கையை வைத்துக்கொண்டு யாரையும் கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டால் எடுத்துவிடுவார்கள் என்று தெரியும். இதை நான் இவரிடம் சொன்னதில்லை, என்னைப் பெற்றவளிடம் சொன்னதில்லை. வலது காதுக்குப் பின்னால் அவனுக்கு மச்சம் இருந்தது, யாராவது இருமினால் கோபப்பட்டு முகத்தைச் சுளிப்பான், சண்முகம் என்று கூப்பிட்டால் கால் இரண்டையும் உதைப்பான். எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனேன். நான் அழுவது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. இத்தனை வருஷமும் பயந்துகொண்டே இருந்ததில் அழ நேரமில்லாமல் போயிருந்தது.

டாக்டரம்மாவுக்குப் பெயர் மட்டும் பிடிபட்டது. அதைத் தப்புத் தப்பாக ஒருமுறை சொல்லிவிட்டு, அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்டார். தெரியாது என்றேன். உன் கணவருக்குத் தெரியுமா என்றார். அதுவும் தெரியாது என்றேன். அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்து இவரை உள்ளே கூப்பிட்டார். அந்தக் கேள்வியை என்னையே கேட்கச் சொன்னார்.

நான் இவரைப் பார்க்காமல் கேட்டேன். இவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். "நான்தான் கொண்டு போனேன். வெம்பக்கோட்டை ரோட்டுல நம்ம காடு இருக்குல்ல, அங்கன வேப்பமரத்துக்குக் கெழக்க. வண்டி குலுங்குச்சு. அவன் தலை ஆடிரக் கூடாதேன்னு கையக் குடுத்துக்கிட்டே போனேன்."

"எனக்கு ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ அங்கனயே போய்ப் படுத்துக்கிருவன்னு பயமா இருந்துச்சு."

எங்கள் இருவருக்கும் நடுவே டாக்டரம்மா ஒன்றும் புரியாமல், எல்லாம் புரிந்தவர் மாதிரி, ஆறின டீயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் இவர் என் பக்கத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்தபடி அழுதார். டிக்கெட் கொடுக்க வந்தவர் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்.

பயம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. வருஷக் கணக்கில் அந்த நாற்காலிக்குப் போய் வந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அவள் முகத்தைப் பார்த்துப் பால் கொடுத்தேன். தூங்கும்போது விரலை வைத்துப் பார்ப்பது பல தடவையிலிருந்து சில தடவையாகக் குறைந்தது. மிஸஸ் டாசனோ நடந்ததற்காக வெட்கப்பட்டு, குழந்தைக்கு வாரம் ஒரு கம்பளிச் சட்டை பின்னிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வசந்தா நடக்க ஆரம்பித்ததும் அவர் வீட்டிலேயே பாதி நாள் கிடந்தாள். எங்கள் வசந்தா எங்கே என்று அவர் சுவருக்கு மேலே எட்டிக் கேட்பார். இந்தப் பக்கத்தில் தங்கள் வீட்டுப் பிள்ளைகளை மட்டும்தான் அப்படி எங்கள் என்று சேர்த்துச் சொல்வார்கள். நியாயப்படி பார்த்தால் அவர் சொல்வது சரி. எடுத்தவர் அவர். நான் இன்னும் விலை கொடுக்கவில்லை.

எனக்கு இங்கிலீஷ் நன்றாக வந்த பிறகு ஒருநாள் தவிட்டுக் கிண்ணத்தோடு போய் அவருக்கு முழுக் கதையையும் சொன்னேன். அவர் முகமெல்லாம் சிவந்துவிட்டது. இத்தனை காலம் உன்னைக் காக்க வைத்துவிட்டேனே, கொடு கண்ணு, இப்போதே வாங்கிக்கொள்கிறேன் என்று இரண்டு கையையும் நீட்டினார். நான் கொடுக்கத்தான் போனேன். கிண்ணம் அவர் விரலில் படுவதற்கு முன் கையை இழுத்துக்கொண்டேன். இந்தத் தவிட்டைக் கொடுத்துவிட்டால் அவள் எனக்குச் சொந்தமாகிவிடுவாள். என்னுடையது என்று ஆனவை இரண்டும் என்ன ஆயின? வேண்டாம் மிஸஸ் டாசன், உங்களுடையதாகவே இருக்கட்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "ஐ, லவ்" என்றார். தவிட்டை ஜாடியில் போட்டு அலமாரியில் வைத்தேன். வண்டு விழுந்தால் புதிது வாங்கி நிரப்புகிறோம். கடைக்காரர் முயல்களை விசாரிக்கிறார், நலம் என்று சொல்கிறோம்.

வசந்தாவுக்கு ஐந்து வயதானபோது கப்பலேறி ஊருக்குப் போனோம். சிவகாசியில் அத்தை அவளை நிறுத்தி வைத்து, தலையிலிருந்து கால்வரை பார்த்து, நல்லதாக ஒரு வார்த்தை சொல்லாமல் கவனமாக இருந்தார். கண் பட்டுவிடக் கூடாதே. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தவிடு கொடுத்து வாங்கியாயிற்றா என்றார். இல்லை அத்தை என்றேன். "அப்ப இவ யாரு புள்ளை?" என்றார். அவர் குரலில் இருந்த நடுக்கம் எனக்கு நன்றாகத் தெரிந்த நடுக்கம். சண்முகம் என்ற பெயருள்ள கொழுந்தனார் மகன் அவளுக்குப் பம்பரம் விடக் காட்டிக்கொடுத்தான். நல்ல பிள்ளை. அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட இந்தத் தடவை எனக்கு நாக்கு எழுந்தது.

மறுநாள் இவர் எங்களை வெம்பக்கோட்டை ரோட்டுக் காட்டுக்குக் கூட்டிப் போனார். காடு என்றால் எங்கள் பக்கத்தில் மழையை நம்பி விதைக்கிற கரிசல் நிலம். அகல்விளக்கு, எண்ணெய், திரி, தீப்பெட்டி எல்லாம் ஒரு பையில் எடுத்துக்கொண்டேன். போய்ப் பார்த்தால் கம்பிவேலி. நாங்கள் இல்லாத காலத்தில் கொழுந்தனார் நிலத்தைப் பட்டாசுக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார். தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன ஷெட்டுகள், நடுநடுவே மரங்கள். அன்று ஏதோ விடுமுறை, வேலையாட்கள் இல்லை. காவல்காரர் ஒருவர் இருந்தார், புது ஆள், எங்களைத் தெரியாது. வேப்பமரம் வரை போய் வர வேண்டும் என்றோம். நிலத்துக்காரர் வீடு என்றதும் விட்டார். ஆணி அடித்த செருப்பு தரையில் உரசிப் பொறி பறக்கும், ஆகாது என்று எல்லோரையும் கழற்றச் சொன்னார். வசந்தா தன் பக்கிள் வைத்த ஷூவைக் கழற்றி ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தாள். காவல்காரர் என் பையைப் பார்த்தார். தீப்பெட்டியை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டார்.

"இங்கன நெருப்பு ஆகாது தாயீ" என்றார்.

இவர் மரத்தைக் கையால் காட்டிவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். நானும் வசந்தாவும் வெறுங்காலோடு நடந்தோம். காவல்காரர் பின்னால் வந்தார். மரத்துக்குக் கிழக்கே தரை மற்ற இடம் மாதிரியேதான் இருந்தது. நான் உட்கார்ந்து, அகலை வைத்து, எண்ணெய் ஊற்றி, திரியைப் போட்டேன். ஏற்ற முடியாது. என் புகுந்த வீடு தீப்பெட்டி லேபிள் அடித்துப் பிழைத்த வீடு. அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு குச்சி உரச வழியில்லை. சண்முகம் என்று கூப்பிட்டேன். இந்த முறை வேறு யாரும் ஓடி வரவில்லை. பயம் வருமோ என்று காத்திருந்தேன். அழுகை வந்தது, நல்ல அழுகை. வசந்தா என் முதுகில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

அங்கே யார் இருக்கிறது என்று காவல்காரர் மெதுவாகக் கேட்டார்.

"என் மகன்" என்றேன். தமிழ் மண்ணில் அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்முறை.

"இது?" என்று வசந்தாவைக் காட்டினார்.

அந்த மண்ணுக்கு முன்னால், அந்தக் கேள்விக்கு, டாக்டரம்மா கற்றுக்கொடுத்த எதுவும் உதவவில்லை. அவளுடைய மூச்சு என் பிடரியில் பட்டுக்கொண்டிருந்தது. அவள்தான் பதில் சொன்னாள். பிறந்ததிலிருந்து அந்தக் கதையைச் சிரிப்பாகக் கேட்டு வளர்ந்தவள்.

"நான் மிஸஸ் டாசன் வீட்டுப் பிள்ளை. அம்மா இன்னும் தவிடு குடுக்கலை."

டாசன் யார் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் தவிடு தெரியும். அவர் சிரிக்கவில்லை. பிள்ளைமேல் வைத்திருந்த கண்ணை எடுத்து வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அப்படியே இருக்கட்டும் தாயீ" என்றார்.

நான் எழுந்து சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினேன். என் பிள்ளையை அங்கே ஏற்றாத விளக்கோடு விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன்.